ஆட்டோமேட்டிக் வண்டியில் மூணாம் கியர்

கனடாவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் காலையில் கம்பெனி பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததும் என் இடது கால் தன்பாட்டுக்கு நீண்டு தரையை ஓர் அமுத்து அமுத்தும். அங்கே ரப்பர் விரிப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. இது கிளட்ச் இல்லாத வண்டி என்று மூளைக்குத் தெரியும், காலுக்கு யார் போய்ச் சொல்வது? பனிக்காலத்தில் தடித்த பூட்ஸ் போட்டிருக்கும்போது ‘தொம்’ என்று சத்தமே வரும். என்னோடு வேலை செய்கிற டேல் முதல் வாரம் பக்கத்து சீட்டில் இருந்து இதைப் பார்த்துவிட்டு, தன் காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டு, “ஸ்பைடர்?” என்றான். சிலந்தியை மிதித்தாயா என்று கேட்கிறான். ஆமாம் என்றேன். அதற்குமேல் விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷுக்கு அன்றைக்குத் தெம்பில்லை. இன்றுவரை என்னைச் சிலந்திக்குப் பயந்தவன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும்.

நான் வெண்ணந்தூர்க்காரன். திருச்செங்கோட்டு ரிக் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் பைப் லாரி ஓட்டினேன். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டி முன்னால் போகும், பைப்பும் சாமானும் ஏற்றிக்கொண்டு நாங்கள் பின்னால் போவோம். ஆந்திரா, ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று எங்கள் லாரி போகாத மண் கிடையாது. இங்கேயும் அதே தொழில்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்பகுதியில், மலைக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற பண்ணைகளுக்குக் கிணறு போடுகிற சின்னக் கம்பெனி. பிக்கப்பின் வாலில் டிரெய்லரைக் கட்டி அதில் பைப்பை ஏற்றிக்கொண்டு போவோம். பைப்பு மட்டும் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறிவிட்டது.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே டிரைவர் உட்காருவது இடப்பக்கம். கியர் கம்பி வலது கைக்கு. அதில் நிறுத்துவதற்கு ஒரு எழுத்து, பின்னால் போவதற்கு ஒன்று, நியூட்ரலுக்கு N, ஓட்டுவதற்கு D. D-யில் போட்டால் அப்புறம் கியரைப் பற்றி மனிதன் கவலைப்பட வேண்டாம், வண்டியே ஏற்றி இறக்கிக்கொள்ளும். அதனால் இந்த ஊர்க்காரர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதே இல்லை. கியர் போட வேண்டிய கையில் காபி டம்ளர் இருக்கும். ஆனால் D-க்குப் பக்கத்தில் M என்று இன்னொரு எழுத்தும் இருக்கிறது. கம்பியை அந்தப் பக்கம் தட்டிவிட்டால் கியர் நம் கைக்கு வந்துவிடும். முன்னால் தள்ளினால் ஒரு கியர் கூடும், பின்னால் இழுத்தால் ஒன்று குறையும். கிளட்ச் மட்டும்தான் இல்லை. இங்கே பாதிப் பேர் வண்டி வாங்கி விற்கிறவரைக்கும் அந்த எழுத்தைத் தொடுவதில்லை. எனக்கு அந்த எழுத்து கண்ணில் பட்ட அன்றுதான் இந்த நாட்டில் மூச்சு சீராக வந்தது.

டிரெய்லரோடு மலையிறக்கம் வந்தால் M-க்குத் தட்டி மூணாம் கியரில் பிடித்துவிடுவேன். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அத்திபூத்தாற்போலத் தொட்டால் போதும். டேலுக்கு அந்த உறுமல் ஆகவே ஆகாது. “உனக்குத் தெரியும் இல்லையா, இது ஆட்டோமேட்டிக்?” என்று கேட்டான். “தெரியும். அதனால்தான்,” என்றேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று விழுந்து விழுந்து சிரித்தான். நான்கு நாள் கழித்து முதலாளி கிரான்ட்டிடம் போய், இவன் கியர்பாக்ஸைக் கொன்றுவிடுவான், இவனைக் கூடமாட வேலைக்கு மட்டும் வைத்துக்கொள், ஓட்டவிடாதே என்று வத்தி வைத்துவிட்டான். நாமக்கல் பக்கத்தான் ஒருவனிடம் இருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கிரான்ட் ஒரு நாள் என்னோடு ஏறினார். நீண்ட இறக்கம். முப்பது நிமிஷமும் எஞ்சின் கத்திக்கொண்டே வந்தது, அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. எதுவும் சுடவில்லை. அடுத்த வாரத்தில் இருந்து டிரெய்லர் வண்டி எனக்கு என்று ஆனது, டேலுக்குப் பக்கத்து சீட் ஆனது. “இதை எங்கே கற்றுக்கொண்டாய்? உன் ஊர் மலையா?” என்று கேட்டார். “இல்லை, எங்கள் ஊர் தட்டு மாதிரி சமவெளி,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் மேலே சொல்லவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கற்ற இடம் தொப்பூர் கணவாய். தர்மபுரியில் இருந்து சேலம் வருகிற லாரி எல்லாம் இறங்கியாக வேண்டிய இடம். எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, இறக்கம் வந்தால் கியரை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுகிற நியூட்ரல் அடிப்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. டீசல் மிச்சமாகும் என்று ஒரு பேச்சு, ஆனால் டீசலைவிடக் கெத்துதான் பெரிது. மேலே அடித்த நியூட்ரலைக் கீழே வருகிறவரைக்கும் எடுக்கவில்லை என்று டீக்கடையில் சொல்கிறவனைத்தான் மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வழியெல்லாம் போர்டு வைத்திருப்பார்கள், நியூட்ரலில் இறங்காதே என்று. அதைப் படித்துக்கொண்டே நியூட்ரல் அடிப்போம்.

அன்றைக்கு மத்தியானம் ஸ்டியரிங்கில் நான். இடப்பக்க சீட்டில் என் மச்சான் பழனிசாமி. என் மனைவி கலாமணிக்கு அண்ணன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒரே வண்டியில் நாங்கள் இரண்டு டிரைவர், மாற்றி மாற்றி ஓட்டுவோம். உண்மையைச் சொன்னால் அவர்தான் டிரைவர், நான் ஓட்டத் தெரிந்தவன். மூன்று மாசம் கழித்துப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறோம். கணவாய் உச்சியில் நான் நியூட்ரலுக்குத் தட்டினேன்.

“கியர்ல போடு மாப்ள. பின்னால இருக்கறது பைப்பு, பஞ்சு மூட்டையில்ல,” என்றார்.

“பொட்டாட்ட வாங்க மச்சா. ஊட்டுக்கு வெசையாப் போலாம்,” என்றேன். பேசாமல் இருக்கச் சொன்னதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிவிட்டது. மிதிக்க மிதிக்கப் பிடிக்கவில்லை. கியரில் போடப் பார்த்தால் அந்த வேகத்துக்குக் கியர் பெட்டி வாங்கவில்லை, கரகரவென்று அரைத்துத் துப்பியது. முன்னால் பஸ், வலப்பக்கம் டேங்கர். இடப்பக்கம் மண்மேடு. லாரியை மண்மேட்டில் ஏற்றினேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. இடப்பக்கம் அவர் இருந்தார். முன்பக்கம் நசுங்கி உள்ளே வந்து அவருடைய இடது முட்டியைப் பிடித்துக்கொண்டது.

போலீஸ்காரர் வந்து கேட்டபோதும், ரிக் கம்பெனி முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோதும் மச்சான் ஒரே பேச்சுத்தான் பேசினார். “பிரேக்கு புடிக்கலீங்க. மாப்ள மட்டும் மண்ணுல ஏத்துலீன்னா ரண்டு பேரும் போயிருப்போமுங்க.” நியூட்ரல் என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோழை. என் லைசென்ஸ் பிழைத்தது, வேலை பிழைத்தது. முதலாளி கொடுத்த நல்ல டிரைவர் என்ற கடுதாசியைக் காட்டித்தான் இரண்டு வருஷம் கழித்து நான் கனடா வந்தேன். மச்சானுக்கு முட்டியில் கம்பி வைத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கால் மடங்கவே இல்லை. மடங்காத இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல டிரைவர், ஸ்டியரிங்கை விட்டு இறங்கினது அன்றைக்குத்தான். பிறகு இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டுக்கொண்டு, ராசிபுரத்துக்குப் போக வேண்டுமென்றால் பெண்டாட்டி சரசக்கா ஓட்டுகிற ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து போனார். மடங்காத கால் பக்கவாட்டில் கைகாட்டி மரம் மாதிரி நீட்டிக்கொண்டு போகும். தெருவில் எவனாவது, “என்னுங்க டிரைவரே, கிளீனரு ஓட்டறாங்களா?” என்று கேலி பேசுவான். அவரும் சிரிப்பார்.

இப்போது புரியும், கனடாவில் கிளட்ச் இல்லாத வண்டியில் முதல் நாள் உட்கார்ந்தபோது எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று. அன்று சாயங்காலமே அவருக்கு போன் போட்டேன். “மச்சா, இங்க வண்டியில எடது காலுக்கு வேலையே இல்லீங்க!” என்றேன். “அப்ப ஓட்டறவனுக்கும் வேலை இல்லைன்னு சொல்லு. லிஃப்ட்டுல போறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?” என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சை அவர் காதில் வாங்கவே இல்லை. போனில் நான் தொடங்கினால் மழையைப் பற்றிப் பேசுவார். என் மனசில் மட்டும் ஒரே எண்ணம்தான், இந்த மனுஷனை மறுபடி ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்துவிட வேண்டும்.

போன பனிக்காலத்தில் இங்கே மண் உறைந்து வேலை நின்றபோது இரண்டு மாச லீவில் ஊருக்குப் போனேன். போன கையோடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்பை வாங்கிவிட்டேன். கலாமணி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏனுங்க, அண்ணன் இதுல உக்காருவாருன்னு நெனைக்கறீங்களா? ஸ்கூட்டியவே மொறச்சுப் பாத்துட்டுத்தான் ஏறறாரு.” அவள் சொன்னதுதான் நடந்தது. வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் மச்சான் ஊன்றுகோலோடு ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். கதவைத் திறந்து கீழே கால் வைக்கிற இடத்தைப் பார்த்தார். ரெண்டே ரெண்டு பெடல்.

“ஸ்கூட்டியப் பெருசு பண்ணி வெச்சிருக்கறான்,” என்றார்.

“ஏறித்தான் பாருங்களேன்.”

“அட போ மாப்ள. அதுவா கியர் மாத்தும், நான் எதுக்குக் குறுக்க பொம்மையாட்ட?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரு சொன்னா அதுவா மாத்தும்னு?” என்று கத்திவிட்டேன். கம்பியை M-க்குத் தட்டி, முன்னால் இருக்கிற சின்னத் திரையில் ஒண்ணு என்று எழுத்து வருவதைக் காட்டினேன். முன்னால் தள்ளினால் ரெண்டு, பின்னால் இழுத்தால் மறுபடி ஒண்ணு. அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஏதோ மாறியது.

“நாம போட்ட கியர்லயே நிக்குமா?”

“நிக்குமுங்க.”

“எறக்கத்துலயும்? நடுவால அதுபாட்டுக்கு மாத்திக்காதா?”

“அதுக்குத்தானுங்க இது. நான் தெனமும் அப்படித்தான் மலை எறங்கறேன்.”

ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். செருப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். “ஏரிக்கு வண்டிய உடு,” என்றார்.

அந்த வருஷம் ஏரி காய்ந்து கிடந்தது. பரந்த மண், ஆள் நடமாட்டம் இல்லை. இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் சீட்டைப் பின்னால் தள்ளி, மடங்காத காலை இடப்பக்கம் நீட்டி வைத்தார். மூன்றாவது பெடல் இல்லாத இடத்தில் அந்தக் கால் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டது. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் பார்த்தார். N-இல் வந்ததும் கை நின்றது.

“இது இங்கயும் இருக்குதா?” என்றார், என்னைப் பார்க்காமல்.

ஒன்பது வருஷம் நான் திறக்காத வாயை அப்போதுதான் திறந்தேன். “மச்சா, அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. நான்தான் உங்க காலை...” அதற்குமேல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

“அழுதுட்டே சொல்லிக் குடுத்தா எப்புடி ஓட்டறது? மொகத்தத் தொடச்சுட்டுச் சொல்லு, அடுத்தது எங்க தட்டோணும்?” என்றார்.

வண்டி நகர்ந்தது. ஒண்ணு, ரெண்டு. எஞ்சின் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டு, சரியான நொடியில் மூணுக்குத் தள்ளினார். கை எதையும் மறக்கவில்லை. “வா சாமி, வா,” என்று வண்டியோடு பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது சுற்றில் குறும்பு வந்துவிட்டது. நல்ல வேகத்தில் போகும்போது ஒண்ணுக்கு இழுத்துப் பார்த்தார். வண்டி ‘பீப்’ என்றது, கியர் இறங்கவில்லை.

“என்ன, திட்டுது?”

“இந்த வேகத்துல ஒண்ணு ஆகாது, போட மாட்டேங்குதுங்க.”

“அட! சொன்ன பேச்சக் கேக்க வெக்குதே. நல்ல வண்டி மாப்ள,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னைக் குத்திக்காட்டிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுதத் தெரியவில்லை.

பிறகு லைசென்ஸுக்கு அலைந்தோம். அஸ்தம்பட்டியில் எலும்பு டாக்டரிடம் சான்று, அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ், மறுபடி சான்று. லீவு முக்கால்வாசி அதிலேயே போனது. ஓட்டிக் காட்டச் சொன்ன அதிகாரி, “D-ல போட்டுட்டு நிம்மதியாப் போங்க,” என்றார். “ஆகட்டுமுங்க,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு மச்சான் M-க்குத் தட்டி நாலு கியரும் போட்டுக் காட்டிவிட்டு வந்தார். லைசென்ஸ் கைக்கு வந்தபோது எனக்கு ஊரில் மிச்சம் மூன்று நாள். எங்கே போகலாம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், “தொப்பூர் போலாம்.”

காலைச் சோறு தின்றுவிட்டுத் தர்மபுரி வரை போய்த் திரும்பினோம். இடப்பக்க சீட்டில் நான். கனடாவில் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் டிரைவர். இங்கே இடப்பக்கம் உட்கார்ந்தால், அன்றைக்கு அவர் இருந்த இடத்தில் இருக்கிறேன். கணவாய் உச்சியில் அவர் M-க்குத் தட்டி மூணுக்கு இழுத்தார். எஞ்சின் உறுமியது. எங்களைத் தாண்டி ஒரு லாரி எஞ்சின் சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு போனது, பிரேக் தீய்கிற வாடை ஜன்னலில் வந்து அடித்தது. “எவனோ நம்மூர்ப் பயதான்,” என்றார் மச்சான். அந்த மண்மேடு வந்தது. புல் முளைத்து, ஒன்றுமே நடக்காத இடம் மாதிரி இருந்தது. என் இரண்டு காலும் தரையை அமுத்திக்கொண்டிருந்தன. வலது கால் பிரேக்கைத் தேடியது, இடது கால் கிளட்ச்சைத் தேடியது.

“காலை எடு மாப்ள. அங்க ஒண்ணுமில்ல,” என்றார். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் சொன்னார்.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தார். கிரான்ட் செய்ததை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. நாலாவது சக்கரத்தில் கையை வைத்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சுடுல,” என்றார். நான் ரோட்டோரம் நின்று குழந்தை மாதிரி அழுதேன். அவர் திட்டவில்லை, காத்திருந்தார். அப்புறம் டீ குடிக்கப் போனோம். கடைக்காரர், “வண்டி யாருதுங்க?” என்று கேட்டார். “என்றதுங்க,” என்று தன்னுடையதாகவே சொன்னார் மச்சான், “நான்தான் ஓட்டறேன்.”

இப்போது மறுபடி இங்கே வந்துவிட்டேன். பனி உருகி வேலை தொடங்கிவிட்டது. முதல் நாளே டிரெய்லரோடு மலை. இடப்பக்கம் நான், வலப்பக்கம் டேல், அவன் கையில் காபி. உச்சியில் M-க்குத் தட்டி மூணுக்கு இழுத்தேன். வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது. இப்போதெல்லாம் டேல் ஒன்றும் சொல்வதில்லை. பாதி இறக்கத்தில் என் இடது கால் தன்பாட்டுக்கு ‘தொம்’ என்று ஓர் அமுத்து அமுத்தியது. நான் வலப்பக்கம் திரும்பி, “சரியாப் போறனுங்களா மச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

டேல் காபியில் இருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். “ஸ்பைடர்?” என்றான்.

ஆமாம் என்றேன்.